ரெண்டரை ஸ்கொயர்

மருதாம்பாள் மோட்டார் வாங்க வந்தபோது கடையில் அம்சவேணி மட்டும்தான் இருந்தாள். ஊட்டி மார்க்கெட்டுக்குக் கீழே இருந்த அந்த பம்புசெட் கடை அவள் கணவர் மயில்சாமி தொடங்கியது. பக்கவாதத்தில் அவருக்கு வலது கையும் பேச்சும் போனபின் அவள் நடத்திவந்தாள். மருதாம்பாள் மயில்சாமியின் அக்கா. கணவனை இழந்தவள். சோலூர்ப் பக்கம் அப்பா விட்டுப்போன நிலத்தையும் வீட்டையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் போட்டுவந்தாள். ஒரே மகன் கதிர் கோயமுத்தூரில் வேலையில் இருந்தான்.

உள்ளே வந்தவள் தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. அடுக்கி வைத்திருந்த பைப்புகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, புருஷன் படுக்கையில் கிடக்கும்போது ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டு கல்லாவில் உட்காரவும் ஒரு மனசு வேண்டும் என்றாள். அம்சவேணி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க நங்கையா. என்ன வேணுங்க?"

நாத்தனாரை அவள் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டாள். அந்த ஊர்ப்பக்கத்து முறை அது. அன்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறாத சொல்.

மருதாம்பாள் விஷயத்தைச் சொன்னாள். பள்ளத்தில் இருக்கும் கிணற்றை ஜேசிபி வைத்து ஆழப்படுத்தியாயிற்று. தண்ணீர் கீழே போய்விட்டதால் கரையில் இருந்த பழைய ஆயில் என்ஜினால் இழுக்க முடியவில்லை. மோட்டார் ஓடுகிற அளவுக்கு வீட்டுக் கரண்டின் லோடைக் கூட்டி வாங்கிவிட்டாள். இனி தண்ணீருக்குள்ளேயே உட்காருகிற மோட்டார்தான் வேண்டும், அதற்கான ஒயரும் வேண்டும். ஃபிட்டர் எல்லாம் தேவையில்லை. தோட்டத்தில் வேலை செய்யும் சுடலைமணி பள்ளம் தோண்டி ஒயரைப் புதைத்துவிடுவான். எந்த நிறம் எதில் சேரவேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

அம்சவேணி மோட்டாரைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தாள். ஒன்றரை ஹெச்.பி., நல்ல கம்பெனி. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அடுத்தது ஒயர்.

அந்தத் தொழிலில் ஒயரைக் கொடுக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். மீட்டர் போர்டிலிருந்து கிணறு எவ்வளவு தூரம்? பக்கத்தில் இருந்தால் ரெண்டரை ஸ்கொயர் ஒயர் போதும். தள்ளிப் போகப்போக நாலு, ஆறு என்று தடிமன் ஏறவேண்டும். மெல்லிய ஒயரில் நெடுந்தூரம் போகிற கரண்டு வழியிலேயே பாதி செத்துவிடும். மோட்டார் சுற்ற முடியாமல் முக்கும், சூடேறும், ஒருநாள் உள்ளே சுற்றியிருக்கும் வைண்டிங் கம்பி கருகிப்போகும். மயில்சாமி நன்றாக இருந்த காலத்தில், "பக்கந்தாங்க" என்று யாராவது சொன்னால் போய் அளந்துகொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அம்சவேணி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்தத் தூரம் அவளுக்குத் தெரியும்.

அன்னூரிலிருந்து கல்யாணமாகி அந்த வீட்டுக்குத்தான் அவள் வந்தாள். வீடு மேட்டின் உச்சியில் இருந்தது, கிணறு அடிப்பள்ளத்தில் சதுப்பை ஒட்டி. மாமியார் இல்லாத வீட்டில் மருதாம்பாள் வைத்ததுதான் சட்டம். கீழ்நாட்டுப் பெண்ணுக்குக் குளிர் பழகவேண்டும் என்று சொல்லி, விடியுமுன்னே இரண்டு குடங்களைக் கொடுத்து அனுப்புவாள். வயிற்றில் பிள்ளை தங்கியபிறகும் அது நிற்கவில்லை. ஆறாவது மாதம், ஆடி மழையில், பாதி மேட்டில் கால் வழுக்கியது. குழந்தை தங்கவில்லை. பார்க்க வந்த பெண்களிடம் மருதாம்பாள், "நம்ம பக்கத்துப் புள்ளையா இருந்தா நின்னுருக்கும்" என்று சொன்னதை அம்சவேணி பாயில் கிடந்தபடி கேட்டாள். எழுந்து நடமாடத் தொடங்கிய வாரமே குடங்கள் மறுபடி வாசலுக்கு வந்தன. மயில்சாமி அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுவருஷம் ஊட்டியில் கடைக்கு இடம் பார்த்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்ததோடு சரி. அதற்குப்பின் அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.

கீழ் ரேக்கில் ஆறு ஸ்கொயர் சுருள் இருந்தது. மேல் ரேக்கில் ரெண்டரை. கையை நீட்டும்வரை எதை எடுக்கப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. கை மேலே போயிற்று.

மருதாம்பாள் ஒயரை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இது போதுமா?"

"இந்த மோட்டாருக்கு இது போதுங்க நங்கையா. கம்பெனிக்காரனே இதத்தான் போட்டிருக்கான்."

மோட்டாரோடு வந்த அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது. பக்கத்துக் கட்டத்தில் எவ்வளவு தூரம்வரை என்றும் போட்டிருந்தது. மருதாம்பாள் அட்டையைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"தடியா ஒண்ண என்ற தலையில கட்டிருவீன்னு நெனச்சேன்" என்றாள். குரலில் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

மறுநாள் சுடலைமணி ஜீப்பில் வந்து சாமான்களை ஏற்றினான். நாற்பது வயதிருக்கும். அவன் அப்பா சிலோனிலிருந்து வந்தவர். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்து, அந்த எஸ்டேட் மூடியபின் மனைவி ராக்கம்மாவுடன் மருதாம்பாளின் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தான். கிணற்றுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகைதான் வீடு. அம்சவேணி ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து சிவப்பு எங்கே, மஞ்சள் எங்கே, நீலம் எங்கே என்று காட்டினாள். அவன் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஜீப்பில் ஏறும்போதும் அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது.

கடையின் ஃபிட்டர் நவநீதன் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தபோது ரெண்டரை ஸ்கொயர் சுருள் மொத்தமும் காலியாகியிருந்ததைப் பார்த்து, அவ்வளவு நீளம் யாருக்கு என்று கேட்டான். ரெண்டு மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்ததாக அவள் சொன்னாள்.

மழைக்காலம் முழுக்க மோட்டார் ஓடியது. தினமும் ஓட வேண்டியிருக்கவில்லை. ஓடிய நேரத்தில் ஏதோ தண்ணீர் வந்தது. ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தபோது அம்சவேணிக்கு அந்த ஒயரின் ஞாபகமே குறைந்துபோயிருந்தது. இல்லை, அப்படிச் சொல்வது பொய். சோலூர் பஸ் கடையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

மார்கழியில் உறைபனி விழத் தொடங்கியது. உருளைக்கிழங்குச் செடிமேல் விழுந்த பனியை வெயில் படுமுன் தண்ணீர் தெளித்துக் கரைத்துவிட வேண்டும். விட்டால் வெயில் ஏற ஏற இலை வெந்ததுபோலக் கறுத்துவிடும். அதனால் பனிக்காலத்தில் விடிந்ததும் எல்லாத் தோட்டங்களிலும் மோட்டார் ஓடும். அதே நேரத்தில்தான் வீடுகளில் வெந்நீருக்கு ஹீட்டர் போடுவார்கள். கரண்டு ஏற்கெனவே இளைத்துத்தான் வரும். ரெண்டரை ஸ்கொயர் ஒயரில் பள்ளம்வரை இறங்குவதற்குள் அதில் உயிரே இருக்காது.

சுடலைமணி ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்தான். மருதாம்பாள் அனுப்பவில்லை, தானாக வந்திருந்தான். காலையில் மோட்டார் கிளம்பவே முக்குகிறது, ஸ்பிரிங்ளர் பாதிதான் சுற்றுகிறது, பெட்டிக்குப் பக்கத்தில் ஒயரைத் தொட்டால் கை சுடுகிறது என்றான். நிறம் மாற்றிச் சேர்த்துவிட்டேனோ என்று அவனுக்குப் பயம்.

"அம்மாகிட்ட சொன்னேனுங்க. புது மோட்டர குறை சொல்லாதன்னுட்டாங்க. நீங்க ஒருதடவ ஆளனுப்பிப் பாக்கச் சொன்னா..."

நவநீதன் பின்னால் குடோனில் இருந்தான். ஒரு குரல் கொடுத்தால் வந்திருப்பான். அம்சவேணி குடோன் கதவைப் பார்த்தாள். பிறகு புது மோட்டார் என்றால் கொஞ்சநாள் அப்படித்தான் இருக்கும், பனியில் எல்லா மோட்டாரும் முக்கும், பயப்படாமல் ஓட்டு என்றாள். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். டீ சொல்லவா என்று அவள் கேட்டதற்கு, பஸ் போய்விடும் என்று மறுத்தான்.

பொங்கல் கழித்துப் பனி கடுமையாக விழுந்த ஒரு விடியலில் மோட்டார் நின்றது. சுடலைமணி சுவிட்சைத் தட்டித்தட்டிப் பார்த்தான். பிறகு அவனும் ராக்கம்மாவும் கிணற்றில் வாளி போட்டு இறைத்துக் குடத்தில் மொண்டு ஓடி ஓடிச் செடிமேல் ஊற்றினார்கள். இரண்டு பாத்திகூடத் தாண்டவில்லை. வெயில் மேட்டைத் தாண்டி இறங்கியது. மத்தியானத்துக்குள் அந்தச் சரிவு முழுக்கக் கறுத்துச் சாய்ந்துவிட்டது. ராக்கம்மா இரண்டு கையும் குளிரில் விறைத்து, விரல் மடக்க முடியாமல் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள் என்று பின்னால் நவநீதன் கேள்விப்பட்டு வந்து சொன்னான்.

மறுநாள் கதிர் கோயமுத்தூரிலிருந்து வந்தான். மோட்டாரைத் தூக்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு, மருதாம்பாளையும் சுடலைமணியையும் ஏற்றிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தான். நவநீதன் அதைப் பிரித்தான். உள்ளே வைண்டிங் கரிக்கட்டையாக இருந்தது. தீய்ந்த வார்னிஷ் நாற்றம் கடை முழுக்கப் பரவியது.

"சூட்டுல வெந்துருக்குது. எவ்வளவு தூரத்துக்கு என்ன ஒயருங்க..." என்று நவநீதன் தொடங்கினான்.

"தண்ணியில்லாம ஓடியிருக்குது" என்றாள் அம்சவேணி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நவநீதனும் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "தண்ணி வத்துனது பாக்காம ஓட்டுனா இப்படித்தானுங்க ஆகும்."

அதை ஏன் சொன்னாள் என்று பின்னாளில் அவள் எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். நவநீதன் கேள்வியை முடித்திருந்தால் ஒயரின் கதை அங்கேயே வெளியே வந்திருக்கும். கடையில் வேறு இரண்டு ஆட்கள் நின்றிருந்தார்கள். கடையின் பெயரைக் காப்பாற்ற வாயில் வந்தது அது. யார்மேல் போய் விழும் என்று அந்த நொடியில் அவள் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் சொல்லியிருப்பாள்.

"தண்ணி இருந்துச்சுங்க. கண்ணால பாத்தேங்க. பொம்பளயும் நானும் அதுலதான மொண்டு..." என்றான் சுடலைமணி.

கதிர் அவனை முகத்தில் அறைந்தான். பிறகு இன்னொரு அறை. சுடலைமணி பைப் அடுக்கின்மேல் சாய்ந்து, பைப்புகள் சரிந்து உருண்டன. அவன் குனிந்து அவற்றைப் பொறுக்கி மறுபடி அடுக்கப் போனான். மருதாம்பாள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, குடித்துவிட்டுத் தூங்கியிருப்பான் என்றாள். அவன் குடிப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மருதாம்பாள் சோலூர் கடைவீதியில் நின்று, மோட்டாரைக் கொளுத்தியவன், எவனும் வேலைக்குச் சேர்க்காதீர்கள் என்று சொன்னாள். யாரும் சேர்க்கவில்லை.

கடை சாத்தும் நேரத்தில் நவநீதன் அவளிடம் வந்தான். காலியான ரெண்டரை ஸ்கொயர் சுருள் எங்கே போயிற்று என்று அவனுக்கு இப்போது தெரிந்திருந்தது.

"அந்தாளு என்னங்கக்கா பண்ணான்?"

"வேலயப் பாரு" என்றாள்.

அவன் நின்றுகொண்டிருந்தான். வேலையை விட்டுப் போவதாகச் சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள், கொஞ்சம் விரும்பவும் செய்தாள். அவனுக்குக் குன்னூரில் வாடகை வீடும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் இருந்தார்கள். ஷட்டரை இழுத்துவிட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப்பின் அவளிடம் வேலை தவிர வேறு பேசுவதை விட்டுவிட்டான்.

வைண்டிங் கட்டின மோட்டார் அதே ஒயரில் மறுபடி கிணற்றில் இறங்கியது. இந்த முறை மருதாம்பாள் ஊட்டியிலிருந்து ஒரு ஆளை வைத்துச் சேர்த்தாள். அவன் நிறத்தைச் சரிபார்த்தான், தூரத்தைப் பார்க்கவில்லை. மாசி முடியுமுன் மறுபடி கருகியது.

அப்போது மருதாம்பாள் தனியாக வந்தாள். முகம் இறங்கியிருந்தது. தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். அம்சவேணி பதில் சொல்லிவிட்டு அவளை உட்காரச் சொன்னாள். கடையில் வேறு யாரும் இல்லை. நவநீதன் வெளிவேலைக்குப் போயிருந்தான். இந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தோம் என்று அம்சவேணிக்கு அப்போதுதான் புரிந்தது. நாத்தனார் நஷ்டப்படுவது போதவில்லை. யாரால் என்று அவளுக்குத் தெரியவும் வேண்டும்.

"ஒயரு பத்தாதுங்க நங்கையா" என்றாள். "அந்தத் தூரத்துக்கு ஆறு ஸ்கொயர் போடோணும். உங்களுக்குக் குடுத்தது ரெண்டரை."

"தெரியாமக் குடுத்துட்டியா?"

"தெரிஞ்சுதானுங்க குடுத்தேன்."

மருதாம்பாள் கோபப்படுவாள், கத்துவாள், தெருவைக் கூட்டுவாள் என்று அம்சவேணி நினைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள்.

"அந்தக் கொழந்தைக்கா?" என்றாள் மருதாம்பாள்.

"ஆமாங்க."

"இத்தன வருஷம் வச்சிருந்தியா." அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்குத் தண்ணி எடுக்க மாட்டேன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்ன உன்னக் கொன்னா போட்டிருப்பேன்? வாயத் தொறக்காம எடுத்த. தொறந்திருந்தா புள்ள இருந்திருக்கும்."

குத்துவதற்காகச் சொன்னாளா, நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாளா என்று அந்த முகத்திலிருந்து அம்சவேணியால் கண்டுபிடிக்க முடியவில்லை. மேட்டில் வழுக்கி விழுந்த அன்றைக்கு வலித்த இடத்திலேயே அவளுக்கு வலித்தது.

மருதாம்பாள் எழுந்து கீழ் ரேக்கில் இருந்த தடித்த ஒயரைக் காட்டி, அதுதானா என்று கேட்டாள். அதுதான் என்றாள் அம்சவேணி. அளந்து வெட்டிக் கொடுக்கச் சொன்னாள். அம்சவேணி வெட்டிக் கொடுத்தாள்.

"சுடலைமணியக் கூப்பிட்டுக்கங்க. அவன் மேல தப்பில்லீங்க" என்றாள் கடைசியில்.

"எதுக்கு? மருதாம்பா சொன்னது பொய்யின்னு நாலு பேரு பேசறதுக்கா? தெரிஞ்ச நீயே சொல்லல, நான் எதுக்குச் சொல்லோணும்?"

ஆட்டோக்காரனைக் கூப்பிட்டு ஒயரை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

சுடலைமணி கோத்தகிரி ரோட்டில் ஒரு எஸ்டேட்டில் தற்காலிகமாகச் சேர்ந்திருப்பதாகத் தெரிந்தது. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்சவேணி பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனாள். எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டின் கோடி அறை. ராக்கம்மா வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வலது கையில் இரண்டு விரல் முழுதாக மடங்கவில்லை. இலை பறிக்கப் போனால் எடை வராமல் பாதிநாளில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் என்றாள், முறையிடுகிற தொனி இல்லாமல். சுடலைமணி உள்ளிருந்து வந்து, அவளை உட்கார வைக்க எதுவும் இல்லாமல் ஒரு சாக்கை மடித்துப் போட்டான்.

அம்சவேணி நின்றபடியே சொன்னாள். ஒயர் மெல்லியது, அதனால்தான் கருகியது, கொடுத்தது தான், தெரிந்தேதான் கொடுத்தது.

சுடலைமணி முதலில் கேட்டது, "அப்ப நான் நெறம் மாத்திச் சேக்கலையாம்மா?" என்றுதான். இல்லை, சரியாகத்தான் சேர்த்தாய் என்றாள். அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். முகம் கொஞ்சம் தெளிந்தது. தினமும் படுக்கும்போது அந்த மூன்று நிறத்தையும் சொல்லிச் சொல்லி எங்கே பிசகியது என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

"தோட்டத்து அம்மாகிட்ட இதச் சொன்னீங்கன்னா கூப்பிட்டுக்குவாங்க. தெரியாமத்தான வெரட்டுனாங்க. நல்லவங்கதான்" என்றான்.

"சொல்லிட்டேன்."

"எப்பங்க?"

"போன மாசம்."

அவன் முகத்தில் தெளிந்தது அப்படியே நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. உண்மை தெரிந்தால் கூப்பிடுவார்கள் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவன் அந்தக் கோடி அறையில் இருந்திருக்கிறான். அதைப் பிடுங்கத்தான் பழப்பையோடு வந்தோம் என்று அம்சவேணிக்கு அப்போது விளங்கியது. அவன் சாக்கை எடுத்து மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ராக்கம்மா கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"எங்ககிட்ட எதுக்குச் சொல்றீங்க? சோலூர் கடைவீதியில போய் நின்னு சொல்லுங்க. அந்தம்மா எங்க நின்னு சொன்னாங்களோ அங்க நின்னு சொல்லுங்க. அவரு பேரு அங்கதான் கெடக்குது."

"சொல்றேன்" என்றாள் அம்சவேணி.

"எப்ப?"

"அடுத்த வாரம்."

ராக்கம்மா பழப்பையை எடுத்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள். கோபமாக வீசவில்லை. கடனாக வாங்கின பாத்திரத்தைத் திருப்புவதுபோல நிதானமாகக் கொடுத்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போதே தான் போகப்போவதில்லை என்று அம்சவேணிக்குத் தெரிந்துவிட்டது. வேண்டுமென்றே தப்பான ஒயர் கொடுத்தவள் என்று ஒரு ஊரில் சொல்லிவிட்டு, மறுநாள் கடையைத் திறந்து யாருக்கு என்ன விற்பது? மயில்சாமியின் மருந்துச் செலவும் அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளமும் அந்தக் கடையிலிருந்துதான் வந்தன. இப்படி ஒவ்வொரு காரணமாக அவள் எடுத்து வைத்தாள். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தன. அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை.

சித்திரையில் கதிருக்குப் பெண் பார்த்து முடிந்தது. மருதாம்பாள் பத்திரிகையோடு வந்து, தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் தோளைத் தடவிக்கொடுத்துவிட்டு, அம்சவேணிக்குப் பட்டுப்புடவை வைத்தாள். கதிருக்கு அக்கா தங்கை இல்லை, கல்யாணத்தில் தாலிக்கு விளக்கு நீதான் பிடிக்கவேண்டும் என்றாள். ஒருவரைப் பற்றி ஒருவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டபிறகு அவர்களுக்குள் பேசுவது சுலபமாகியிருந்தது. மோட்டார் நன்றாக ஓடுகிறதா என்று அம்சவேணி கேட்டாள். தண்ணீர் பிய்த்துக்கொண்டு வருகிறது என்றாள் மருதாம்பாள்.

அந்த வாரம்தான் நவநீதன், கோத்தகிரி ரோட்டு எஸ்டேட்டுக்கு ஒரு வேலையாகப் போய்விட்டு வந்து சொன்னான். சுடலைமணி குடும்பம் அங்கே இல்லை. மலையே வேண்டாம் என்று திருப்பூர்ப் பக்கம் இறங்கிவிட்டார்களாம். எங்கே என்று லைனில் யாருக்கும் தெரியவில்லை.

"நல்லதாப் போச்சு. அங்க கூலி அதிகம்" என்றாள் அம்சவேணி.

நவநீதன் ஸ்பேனர் பெட்டியைக் கொண்டுபோய் உள்ளே வைத்தான்.